மலையில் நடந்ததும் வீட்டில் சொன்னதும்

ஆட்டுக்குடலை எத்தனை தண்ணீர் மாற்றி அலசினாலும் அந்த வாடை லேசில் போகாது. சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தாயிற்று, மஞ்சள் போட்டுத் தேய்த்தாயிற்று. வெந்நீரில் முக்கி எடுத்துக் கத்தியின் முதுகால் சுரண்டிச் சுரண்டிக் கேத்ரினின் விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய்விட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் ஒத்தாசைக்கு வந்து, பின்வாசல் கல்லில் உட்கார்ந்து ரத்தத்தைப் பிசைந்து கட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். சித்திரை வெயில் காலை ஒன்பது மணிக்கே முதுகைப் பிடுங்கியது. ஈ மொய்த்தது. முன்வாசலில் கேத்ரினின் புருஷன் ஜெர்வின் பால்காரரை நிறுத்திவைத்து மலைக்கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

“தேனீன்னா நம்ம வீட்டு ஈ கணக்கா நெனைக்காதீங்கண்ணே. ஒவ்வொண்ணும் இம்புட்டு நீளம். பாறையில தொங்குத மலைத்தேனீ. மழைமேகம் எறங்குத மாதிரி எறங்குச்சு. கூட வந்த அம்புட்டுப் பேரும் ஓடிட்டான். நான் ஓடல. எங்கப்பா எங்கன்னு தேடுதேன். ஜமுக்காளத்த எடுத்து அவரு மேல போட்டு, அதுக்கு மேல நான் படுத்துக்கிட்டேன்.”

“மேலயே படுத்துட்டீயளா!” என்றார் பால்காரர்.

“பெத்த தகப்பன்லா.”

கேத்ரின் முகத்தைச் சுளித்தாள். குடல் வாடைக்காக அல்ல. பத்து வருஷமாக இந்த வீட்டில் குடல் கழுவுகிறாள். மேலே படுத்தது இன்றைக்குப் புதிது. நேற்று மில்லில் வேலை பார்க்கிறவர்கள் வந்தபோது ஜமுக்காளத்தைப் போர்த்தியதோடு நின்றது. அதற்கு முன்னால், ஆஸ்பத்திரியில், போர்த்தப் போனேன், அதற்குள் பூச்சி வந்துவிட்டது என்று இருந்தது. சம்பவம் நடந்த அன்றைக்குச் சாயங்காலமோ கதை என்று ஒன்றுமே இல்லை. தகப்பனை ஸ்ட்ரெச்சரில் பார்த்ததும் சுவரில் சாய்ந்து அழுதான், அவ்வளவுதான். அந்த அழுகை ஒன்றுதான் இதுவரைக்கும் அவனிடமிருந்து வந்ததில் உண்மை என்று கேத்ரின் நினைத்தாள்.

வெள்ளைத்தாய் குரலைத் தாழ்த்தினாள். “ஏட்டி, நான் ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாத. மேல படுத்தவருக்கு முதுகுலலா கொட்டிருக்கணும்? ஒன் வீட்டுக்காரருக்குக் கணுக்கால்ல மட்டும்லா ரெண்டு தடிப்பு இருக்கு. தேனீயும் இப்ப ஆளு பாத்துத்தான் கொட்டுதோ?”

“ரத்தத்துல உப்பு போட்டீயளாக்கா?”

“போட்டேன், போட்டேன். நீ பேச்ச மாத்து.”

சாயங்காலம் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம். ஆபத்துக்குத் தப்பினால் சபையாரைக் கூப்பிட்டு, ஜெபம் பண்ணி, சாட்சி சொல்லி, கறிச்சோறு போடுவது அவர்கள் பக்கத்து வழக்கம். தப்பின கதையை வீட்டில் உள்ள எல்லோரும் ஆளுக்கொரு வார்த்தை எழுந்து நின்று சொல்லவேண்டும். மருமகளும் சொல்லவேண்டும். வெறும் சாட்சியோடு போயிருந்தால் கேத்ரின் வாயை மூடிக்கொண்டு ஒரு ஆமென் சொல்லிவிட்டுப் போயிருப்பாள். ஆனால் மே மாதம் வி.பி.எஸ். வருகிறது. சபைப் பிள்ளைகளுக்குப் பத்து நாள் பாட்டும் கதையும் நடக்கும். இந்த வருஷம் கடைசி நாளில் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போகலாம், ஜெர்வின் தம்பி பொறுப்பு எடுக்கட்டும் என்று உபதேசியார் சொல்லியிருந்தார். தகப்பனுக்காக உயிரையே கொடுக்கத் துணிந்தவனைவிட யாரை நம்பிப் பிள்ளைகளை விடுவது? ஜெர்வின் சரி என்று தலையாட்டிவிட்டான். இன்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அறிவிக்கப் போகிறார்கள்.

குடலைச் சட்டியில் போட்டு மூடிவிட்டுக் கேத்ரின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடி கழுவினாள்.

ஜெர்வின் இராஜபாளையத்தில் நூற்பாலை ஒன்றில் பிட்டர். அவனும் செல்போன் கடை ராம்கியும் இன்னும் சில மில்காரர்களும் சேர்ந்து நாலு வருஷத்துக்கு முன்னால் மலைநடைக் குழு ஒன்று ஆரம்பித்தார்கள். பச்சைக் கலரில் பனியன், முதுகில் மலை படம். இரண்டாம் சனிக்கிழமை தோறும் ஏதாவது ஒரு மலை. திருவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு மாதம், தேவதானம் பக்கம் ஒரு மாதம், கைக்கெட்டும் தூரத்து அய்யனார் கோவில் மலை ஒரு மாதம். போய்வந்ததும் போட்டோவோடு ‘மறக்கமுடியாத அனுபவம்’ என்று போனில் போட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு அனுபவமும் இன்னொன்றைவிட மறக்கமுடியாததாக இருக்கும்.

கேத்ரினுக்கு அந்த அனுபவங்கள் சாக்கடை ஓரத்துத் துவைகல்லில்தான் வந்து சேரும். நாயுருவி அப்பிய கால்சட்டை. அட்டை கடித்து ரத்தம் உறைந்த காலுறை. பையின் அடியில் எறும்பு மொய்க்கும் கோழி எலும்பு. ஒருமுறை பையைக் கவிழ்த்தபோது யாருடையதோ வாந்தி தோய்ந்த துண்டு வந்து விழுந்தது. “ராம்கிக்குச் சேரல” என்று சிரித்தான் ஜெர்வின். பேண்டேஜ் கம்பெனியில் பகல் முழுவதும் வெள்ளை வெளேரென்று துணி மடிக்கிறவள் அவள். கையில் அழுக்குப் பட்டால் சூப்பர்வைசர் ஏசுவான். வீட்டுக்கு வந்தால் இது.

பங்குனிக் கடைசியில் குடும்பத்தோடு ஒரு நடை என்று தீர்மானம் போட்டார்கள். ஜெர்வினின் அப்பா நேசையனுக்கு அறுபத்தெட்டு வயது. மவன் என்னதான் செய்கிறான் என்று பார்க்க அவருக்கும் ஆசை. மகள் ரெனிட்டாவுக்குக் காய்ச்சல் என்பதால் பிள்ளையை மாமியார் ஏசம்மாளிடம் விட்டுவிட்டுக் கேத்ரின் புளியோதரைச் சட்டியோடு வேனில் ஏறினாள். அய்யனார் கோவில் மலைமேல் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. கீழே தெருவில் நின்று பார்த்தால் நீலமாக, சுத்தமாக இருக்கிற மலை.

கோவிலைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, போகக்கூடாது என்று போர்டு வைத்திருந்த இடத்தையும் தாண்டித்தான் கூட்டிப்போனார்கள். ஏறுகிற வழியெல்லாம் ஷாம்பு உறை. பாறை இடுக்கில் பிள்ளைகளுக்குக் கட்டிக் கழற்றி எறிந்த நாப்கின், வெயிலில் ஊதி வெடித்துக் கிடந்தது. குளித்துவிட்டு விட்டுப்போன உள்துணிகள் ஓடைக்கல்லில் காய்ந்து தோல் மாதிரி ஒட்டியிருந்தன. உடைந்த பாட்டில். மலம் மிதிக்காமல் கால் வைக்க இடம் தேட வேண்டியிருந்தது. பச்சைப் பனியன்காரர்கள் ஓடையின் மேற்பக்கம் வரிசையாக நின்று ஒன்றுக்கு இருந்துவிட்டு, கீழ்ப்பக்கம் முகம் கழுவிக்கொண்டிருந்த பொம்பளைகளைப் பார்த்து, “மூலிகைத் தண்ணி, நல்லாக் கழுவுங்க!” என்று கத்திச் சிரித்தார்கள். ஜெர்வினும் அந்த வரிசையில் நின்றான். நேசையன்கூடச் சிரித்தார்.

ஒரு செங்குத்துப் பாறையின் அடியில் ஜமுக்காளத்தை விரித்துச் சாப்பிட்டார்கள். இலையும் கப்பும் அங்கேயே கிடந்தன. கேத்ரின் சட்டியைக் கழுவப் பக்கத்துக் கசத்துக்குப் போனாள். இடுப்பளவு தண்ணீர் கிடந்தது. அப்போதுதான் ராம்கி பையிலிருந்து கலர் புகைக்குச்சிகளை எடுத்தான். கல்யாண வீட்டில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்திப் படம் எடுக்கப் பற்றவைப்பார்களே, அது. ஒன்று ரோஸ், ஒன்று நீலம். பனியன்காரர்கள் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட, ராம்கி போனில் பிடித்தான். புகை பாறையை ஒட்டி மேலே போயிற்று. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. கேத்ரினும்தான் பார்க்கவில்லை. பாறையின் நெற்றியில் முறம் முறமாகத் தேன்கூடு தொங்கியது பிறகுதான் தெரிந்தது.

முதலில் சத்தம். நின்றுபோன மில்லில் எல்லா மிஷினையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்ட மாதிரி. கேத்ரின் சட்டியை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் உட்கார்ந்தாள். துப்பட்டாவை நனைத்துத் தலையோடு மூடி, மூக்கு வரைக்கும் முங்கி, துணி இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

நேசையன் ஓடவில்லை. முழங்கால்வலிக்காரர். ஜமுக்காளத்தை இழுத்துத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு மூட்டை மாதிரி சுருண்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல யோசனைதான். அப்படியே இருந்திருந்தால் கையில் காலில் இரண்டு கொட்டோடு போயிருக்கும். ஜெர்வின் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தான். ஜமுக்காளத்தின் ஒரு முனையைப் பிடித்து உருவினான். கிழவர் உள்ளிருந்து இறுகப் பிடித்திருந்தார். அவன் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான். பிறகு தகப்பனின் தோளில் பூட்ஸ் காலைத் தூக்கி வைத்து, மிதித்து, உருவி எடுத்தான். உடம்பைச் சுற்றிக்கொண்டான். நீலக்கோடு போட்ட ஜமுக்காளம் மரத்துக்கு நடுவே இறங்கி ஓடியது.

நேசையன் இரண்டு கையையும் தலைக்குமேல் அப்படியே வைத்திருந்தார், இன்னும் எதையோ பிடித்திருக்கிறவர் மாதிரி. பிறகு பூச்சி அப்பி அந்தக் கைகள் கறுத்துப்போயின. முகம் கறுத்துப்போயிற்று. கேத்ரின் தண்ணீரைவிட்டு எழும்பவில்லை.

கோவிலில் பொங்கல் வைக்க வந்திருந்தவர்கள் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு பச்சைத்தழைப் புகையோடு ஏறிவந்து அவரைத் தூக்கிப்போனார்கள். ஆஸ்பத்திரியில் நர்சுகள் சாமணத்தால் கொடுக்குகளைப் பிடுங்கிப் பிடுங்கி ஓய்ந்தார்கள். இடது கண்ணின் கருவிழியிலேயே ஒன்று கொட்டியிருந்தது. மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டியதில், வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது என்றார்கள். வலது கண் வீக்கம் வடிந்தால் பார்ப்பார் என்றார்கள்.

ஊருக்கு அது ஜெர்வின் தகப்பனைக் காப்பாற்றின கதையாகத்தான் வந்து சேர்ந்தது. மில்லில் துண்டு போர்த்தினார்கள்.

மத்தியானம் கேத்ரின் வெந்நீரும் பேண்டேஜ் துணியுமாக நேசையனின் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். முகம் இன்னும் பொரித்த அப்பளம் மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது. காது இரண்டும் வீங்கி மடிந்திருந்தன. இடது கண்ணிலிருந்து மஞ்சளாக வடிந்து இமையை ஒட்டியிருந்தது. துணியை நனைத்து ஒத்தி ஒத்தி எடுத்தாள். துணியில் வந்ததைப் பார்க்காமல் மடித்து அடுத்த பக்கத்தால் ஒத்தினாள்.

“மாமா, சாயங்காலம் ஒங்களயும் சாட்சி சொல்லச் சொல்லுவாவ.”

“சொல்லுவேன் தாயி.”

“என்ன சொல்லுவீய?”

“கர்த்தர் காப்பாத்துனாருன்னு சொல்லுவேன். வேற என்னத்தச் சொல்ல.”

“அவிய ஒங்க மேல படுத்து மறைச்சாவன்னு சொல்லிட்டுத் திரியுதாவளே.”

கழுத்தைத் துடைத்துவிட்டு அவள் வலது தோளுக்கு வந்தாள். உடம்பெல்லாம் துடைக்கும்போது சும்மா இருந்த கிழவர், அந்தத் தோளில் துணி பட்டதும் சற்று விலகினார்.

“ஜமுக்காளம் வழுக்கிருச்சு” என்றார். “அம்புட்டுத்தான். காத்துல வழுக்கிருச்சு.”

“காத்தா மாமா?”

“நீ தண்ணிக்குள்ள இருந்த.”

“இருந்தேன். பாத்துட்டுத்தான் இருந்தேன். வெளிய வரல. அதுக்கு நீங்க என்னைய என்ன வேணாலும் ஏசுங்க.”

“ஏசி என்ன ஆவப்போவுது. நீ வந்திருந்தா நீயும் செத்திருப்ப.” வலது கண்ணை இடுக்கி அவளைப் பார்த்தார். “ஒரே பையன் தாயி. படிப்பு ஏறல, மில்லுலயும் பெரிசா ஏறல. ஊர்ல நாலு பேரு அவனப் பாத்து வணக்கம் வைக்கது இப்பத்தான். இருந்துட்டுப் போவட்டும். எங்கண்ணு போனது போனதுதான?”

“பிள்ளைகளலா கூட்டிட்டுப் போறாவ.”

“கர்த்தர் இருக்காரு.”

அவளுக்கு அந்தச் சீழ்த்துணியை அவர் மடியிலேயே போட்டுவிட்டு எழும்பவேண்டும் போல இருந்தது. போடவில்லை. கிண்ணத்தில் போட்டு எடுத்துப்போனாள். மவன்மேல் இருந்த அருவருப்பு ஒரு பங்கு என்றால், மிதித்த காலுக்கு மாலை போடுகிற இந்தத் தகப்பன்மேல் வந்தது இரண்டு பங்காக இருந்தது.

உள்ளறையில் ஜெர்வின் கண்ணாடி முன்னால் நின்று மீசைக்கு மை போட்டுக்கொண்டிருந்தான். கேத்ரின் கதவைச் சாத்தினாள்.

“இங்கேருங்க. பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறத வேண்டாம்னு சொல்லிருங்க.”

“ஏன்?”

“வேலை இருக்குன்னு சொல்லுங்க. லீவு கெடைக்கலன்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் வாயத் தெறக்கல.”

“என்னட்டி பெரிய புதிர் போடுத?”

“அன்னைக்கு நீங்க செஞ்சத நான் பாத்தேன்.”

அவன் திரும்பினான். மீசையில் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் நரை. பொய் சொல்கிறவனுக்குக் கண் எங்கேயாவது ஓடும். அவனுக்கு ஓடவில்லை. பாவப்பட்டவளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான்.

“நீ என்னத்தப் பாத்த? தலையில துணியப் போட்டுக்கிட்டு முங்கிக் கெடந்த. நான் ஒன்னைய ஒருநாளாவது கேட்டனா, மாமனார விட்டுட்டு ஏன் ஒளிஞ்சன்னு? பொம்பளப்பிள்ள, பயந்துட்டான்னு விட்டேன். நான் மட்டும் அன்னைக்கு இல்லைன்னா எங்கப்பா இல்ல. போயி அவருகிட்டயே கேளு.”

சொல்லச் சொல்ல அவன் குரல் தழுதழுத்தது. கண்ணில் நீர் கோத்தது. அவன் நடிக்கவில்லை என்பது அப்போதுதான் கேத்ரினுக்குப் புரிந்தது. இத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லி அவன் அந்த ஜமுக்காளத்துக்கு மேலேயே போய்ப் படுத்துவிட்டான். இனி அவனை அங்கேயிருந்து யாரும் எழுப்ப முடியாது. அவன் மறுபடி கண்ணாடிக்குத் திரும்பி, நரைத்த பக்கத்துக்கு மை போட்டான். மை வாடையும் அவன் பூசியிருந்த சென்டு வாடையும் சேர்ந்து அறையில் மூச்சு முட்டியது.

வெளியே மாமியார் ஏசம்மாள் நின்றாள். கேட்டாளோ என்னவோ. “ஏட்டி, கல்யாணச் சேலைய எடுத்துக் கட்டு. சபையார் முன்னால நிக்கணும்லா. ஒரு வார்த்தைன்னாலும் நல்ல வார்த்தையாச் சொல்லு. ஆம்பள தலை நிமிந்து நடக்கதும் குனிஞ்சு நடக்கதும் பொண்டாட்டி வாயிலதான் இருக்கு.”

“சரி அத்தே” என்றாள் கேத்ரின்.

ஐந்து மணிக்கெல்லாம் வாசலில் வாடகைச் சேர் நிறைந்துவிட்டது. பாய் விரித்து உள்ளே பெண்களும் பிள்ளைகளும். அடுப்படியிலிருந்து கறிக்குழம்பு கொதிக்கிற வாடை ஜெபத்துக்குள் வந்து வந்து போனது. உபதேசியார் தவமணி வெள்ளை ஜிப்பாவில் வேர்த்து உட்கார்ந்திருந்தார். நேசையனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து மாலை போட்ட நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சின்னப் பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாமார் முந்தானைக்குள் ஒளிந்தன.

ராம்கியும் வந்திருந்தான். தெலுங்கு வீட்டுப் பிள்ளை. ஜெர்வினை அண்ணன் என்கிறதால் கேத்ரினை வதினா என்பான். “வதினா, கறி வாசம் ரயில்வே கேட் வரைக்கும் வருது. பாட்ட ரெண்டு கொறைச்சுக்கச் சொல்லுங்க” என்றவன், கூட்டம் தொடங்குமுன் போனை எடுத்து எல்லோருக்கும் படம் காட்டினான். பாறை, ஓடை, ரோஸ் புகை, நீலப் புகை, அதற்குள் பச்சைப் பனியன்கள் மெதுவாகக் குதிக்கின்றன. பின்னால் மியூசிக் வேறு. தேனீ வருமுன் படம் முடிந்துவிட்டது.

“எம்புட்டு அழகா இருக்கு! சொர்க்கம் மாதிரில்லா இருக்கு” என்றாள் ஒருத்தி.

“எடிட் பண்ணது அக்கா. கீழ கெடந்த குப்பையெல்லாம் அழிச்சுட்டேன்” என்றான் ராம்கி பெருமையாக.

பாட்டு முடிந்தது. வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தார்கள். ஜெர்வின் எழுந்தான். கதை இன்னும் வளர்ந்திருந்தது. மேலே படுத்திருந்தவன் காதில் இப்போது ஒரு சத்தமும் கேட்டது; பயப்படாதே, நான் உன்னோடிருக்கிறேன் என்று சொன்னது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஜெர்வினும் அழுதான். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று வாசல்வரைக்கும் சத்தம் எழும்பியது.

“நேசையன் அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்தை” என்றார் உபதேசியார்.

நேசையன் உட்கார்ந்தபடியே இருமினார். “எம் மவன் இல்லைன்னா நான் இல்ல. ஸ்தோத்திரம்.” பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி வேகமாகச் சொல்லி முடித்தார்.

உபதேசியார் எழுந்தார். “இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளை! நம்ம வி.பி.எஸ். பிள்ளைகள் கடைசி நாள் மலைக்குப் போறாங்க. கூட்டிட்டுப் போறது யாரு? நம்ம ஜெர்வின் தம்பி!” கைதட்டினார்கள். முன்பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தான் சத்தமாகத் தட்டினார்கள். ரெனிட்டா எழுந்து நின்றே தட்டினாள். “சகோதரி கேத்ரின் ஒரு வார்த்தை சொல்லுங்க. பொறவு ஜெபம் பண்ணி முடிப்போம்.”

கேத்ரின் எழுந்தாள். சபையில் அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. கல்யாணச் சேலை உடம்பைக் குத்தியது. முன்பாயில் இருந்த பிள்ளைகளின் தலைகளைப் பார்த்தாள். எண்ணெய் வைத்து வகிடு எடுத்த தலைகள்.

“எங்க மாமாவ யாரும் மூடல” என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. சிரித்த முகத்தோடேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மாமாதான் ஜமுக்காளத்தப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தாவ. அவிய வந்து உருவுனாவ. வரல. தோள்ல கால வச்சு மிதிச்சு உருவிட்டு ஓடிட்டாவ. நான் கசத்துக்குள்ள உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். நானும் போகல. இதான் நடந்துச்சு. அவியள நம்பிப் பிள்ளைகள அனுப்பாதீங்க.”

“ஏட்டி!” என்று ஏசம்மாள் பாய்ந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். “கெட்ட ஆவிலா பேசுது! பேயே, கர்த்தரு வந்திருக்க எடத்துல என்னட்டி பேச்சு பேசுத?”

ஜெர்வினுக்குக் கோபமே வரவில்லை. மெதுவாகச் சிரித்தான். “பயந்துட்டா அய்யா. அன்னைலருந்து இப்படித்தான். தூக்கத்துலயும் உளறுதா. நான்தான் வெளிய சொல்லல.”

உபதேசியார் ஜிப்பாக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நேசையனைப் பார்த்தார். “அண்ணாச்சி?”

கிழவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பதற்கு முகம் என்று ஒன்று இல்லை, வீக்கம்தான் இருந்தது.

“அவ தண்ணிக்குள்ள இருந்தா” என்றார். “சரியாத் தெரிஞ்சிருக்காது.”

அதோடு முடிந்தது. உபதேசியார் எழுந்துவந்து கேத்ரினின் தலையில் கை வைத்தார். உள்ளங்கை வேர்வை அவள் வகிட்டில் வழிந்தது. கலங்கிய இந்த மனசுக்குச் சமாதானம் தாரும் ஆண்டவரே என்று அவர் நீளமாக ஜெபித்தார். ஜெர்வினும் பக்கத்தில் வந்து நின்று அவள் தோளில் கை போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். எல்லோரும் ஆமென் என்றார்கள். ராம்கியும் ஆமென் என்றான். கேத்ரின் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கைகள் இரண்டும் தன்மேலிருந்து எப்போது போகும் என்று நின்றாள்.

பந்தி போட்டார்கள். பேசவேண்டியதைப் பேசிவிட்டோம் என்று மருமகள் படுத்துக்கொள்ள முடியாதே. வெள்ளைத்தாய் சோறு கொண்டுவர, கேத்ரின் குழம்பு வாளியைத் தூக்கினாள். அவள் வந்ததும் பேச்சு நிற்கும், நகர்ந்ததும் தொடங்கும். ஆனால் கறி நன்றாக இருந்தது. குடல்கூட்டு இரண்டாம் தடவை கேட்டார்கள். ஏசம்மாள் வாசலில் நின்று, “நல்லாச் சாப்பிடுங்க, நல்லாச் சாப்பிடுங்க” என்று ஒன்றுமே நடக்காத மாதிரி உபசாரம் செய்தாள்.

உபதேசியார் பக்கத்து இலையில் கனகலட்சுமி டீச்சர் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு சபைக்கு வந்தவள், இரண்டு பையன்கள். இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அய்யா, மே மாசம் நாங்க எங்கம்மா வீட்டுக்குப் போறோம்யா. எம் பிள்ளைக மலைக்கு இருக்க மாட்டாங்க.”

“அப்படியா? கைதட்டுனாங்களே.”

“பிள்ளைகளுக்கு என்ன தெரியும்.”

சற்று நேரம் கழித்து எதிர்வரிசையில் இருந்த ஒருத்தி, “எங்க மவளுக்கு வெயில் ஒத்துக்கிடாதுய்யா. தலைவலி வரும்” என்றாள். அவளுக்கு அடுத்தவளுக்குப் பையனுக்குச் சளி. மே மாதத்தில் வரப்போகிற சளி. ஒருத்தரும் கேத்ரினைப் பார்க்கவில்லை. அவள் சொன்னதை நம்புகிறோம் என்று ஒரு வாய் சொல்லவில்லை. சற்றுமுன்தான் அவளுக்காக ஆமென் சொன்ன வாய்கள். அவர்களுக்குக் குழம்பு ஊற்றும்போது கேத்ரினுக்கு நன்றியும் வந்தது, அதே அளவுக்கு அருவருப்பும் வந்தது. உபதேசியார் தலையை ஆட்டிக்கொண்டே, “பாப்போம், பாப்போம், கர்த்தருக்குச் சித்தமானா வேற நாள் வைப்போம்” என்று எலும்பை ஒதுக்கினார்.

ஜெர்வினுக்கு அது எதுவும் உறைத்ததாகத் தெரியவில்லை. ராம்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நல்லி எலும்பை வாயில் வைத்து மஜ்ஜை வரும்வரைக்கும் உறிஞ்சினான். விர் விர்ரென்று சத்தம் வந்தது. மோவாயில் எண்ணெய் வழிந்தது.

அவனுக்கு நேர் எதிரே நேசையனைச் சுவரோரம் உட்காரவைத்திருந்தார்கள். ரெனிட்டா பக்கத்தில் உட்கார்ந்து, தாத்தாவுக்கு இலையில் கறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“தாத்தா, எல்லாரும் வரலன்னு சொல்லுதாங்க. நான் போவேன். அன்னைக்குக் காய்ச்சல்னு விட்டுட்டுப் போயிட்டீயல்லா. இந்தத் தடவ நான் அப்பாகூட மலைக்குப் போவேன்.”

நேசையன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். அடுத்த உருண்டையை எடுத்தவர், அதை இலையிலேயே வைத்துவிட்டார்.

“நீ போகாத.”

“ஏன் தாத்தா? அப்பாதான் கூட வாராவளே.”

“அதுக்குத்தான் சொல்லுதேன். போகாத.”

காது வீங்கி அடைத்திருந்த மனுஷன். தன் குரல் எந்த உயரத்தில் போகிறது என்று அவருக்குத் தெரியாது. மெதுவாகச் சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். வாசல்வரைக்கும் கேட்டது.

இலையில் குனிந்த தலைகள் ஒன்றும் நிமிரவில்லை. நல்லி எலும்பு உறிஞ்சுகிற சத்தம் மட்டும் நின்றது. கேத்ரின் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனாள்.